முதல் ஒரு நிமிடம்

மகளின் அறையிலிருந்து வெறும் கிடார் மட்டும் மெதுவாகக் கேட்டது. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

சின்ன வயதில், ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில், என்னிடம் ஒரு ஹெவி மெட்டல் பாட்டு கேசட் இருந்தது. அதில் ஒரு பாட்டு முதல் ஒரு நிமிடம் தாலாட்டு மாதிரி கிடாரிலேயே போகும். பிறகுதான் டிரம்ஸும் அலறலும். லிஃப்ட் பக்கம் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் ரீவைண்ட் செய்து அந்த ஒரு நிமிடத்தைப் போடுவேன், அலறலுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தினமும் இங்கேயே நிக்குதே. மிச்சத்தையும் போடு லா."

முழுவதும் கேட்டார். கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டையும் ஒரே ஆளுங்களா வாசிக்கிறாங்க?" கடைசிவரை அவர் நம்பவில்லை.

மகளின் கதவைத் தட்டினேன். கிடார் நின்றது.

"பாட்டு முடிஞ்சிருச்சுப்பா," என்றாள்.

நான் உள்ளே போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.