இருபத்திமூன்றாவது முழம்

வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கியும் ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தேன். ஆன்டெனா இல்லை. வில்லாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் நடுவே குழாய் நட்டு, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். போன ஞாயிறு டேப் பிடித்துச் சுத்தமாக அளந்து வெட்டினேன். முனைகளை மடக்கி முடிச்சுப் போட்டதும் நீளம் குறைந்துவிட்டது. ஒட்டுப் போட்டேன். அது அறுந்து வீட்டுக்காரர் காயப்போட்ட வடகத்தின் மேல் விழுந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும்தான் தம்பி. அதுக்குள்ள யாரும் பதில் பேசலேன்னா மொத்தத்தையும் அவுத்துப்புடணும்," என்றார் அவர்.

அவர் கெடு வைத்த ஞாயிறு காலை அக்கா உதவிக்கு வந்தாள். மாட்டுத்தாவணியில் பூ கட்டி விற்கிறவள். புதுக் கம்பியை அளந்து வெட்டச் சொல்லி டேப்பைக் கொடுத்துவிட்டுக் குழாய் நடப் போனேன். திரும்பி வந்தால் டேப் தரையில் கிடக்கிறது. அக்கா கம்பியை முழம் போட்டு வெட்டியே முடித்திருந்தாள்.

"டேப்பு எதுக்குக் குடுத்தேன்? கண்ணு தெரியலையா?"

"கத்தாதடா. பத்து மீட்டருக்கு இருபத்திரெண்டு முழம்னு ஓம் பொண்டாட்டி கணக்குச் சொன்னா. அதுக்கு மேல கொசுறு ஒரு முழம்."

"கம்பிக்கு எவளாவது கொசுறு போடுவாளா?"

"முழம் போட்ட கைக்குக் கொசுறு விடாம வெட்ட வராது."

மாடிப்படி அருகில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்த மனைவி சிரித்தாள். "மதினி, அவுகளுக்கும் ரெண்டு முழம் மல்லி வச்சு விடுங்க. சூடு தணியட்டும்."

திட்டிக்கொண்டே கட்டினேன். நீளம் பொருந்தினால் இறங்க வேண்டிய ரேடியோ மீட்டர் முள் எகிறியது. நீளம் அதிகம்.

"கூடுனா வெட்டிக்கிரலாம். போன வாரம் கொறைஞ்சுச்சே, இழுத்து வளத்தியா?" என்றாள் அக்கா.

இறக்கினோம், இரண்டு முனையிலும் நாலு விரற்கடை வெட்டினோம், ஏற்றினோம். அக்கா போட்ட முடிச்சில் ஒன்றுகூட நழுவவில்லை. அன்றுவரை ரேடியோவைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனைவி, முள்ளை என்னைவிடச் சரியாகப் படித்தாள். ஐந்தாவது தடவை, "தொடாதீங்க! எறங்கிருச்சு!" என்று கத்தினாள்.

மணி பதினொன்றரை. மைக்கைப் பிடித்து அழைத்தேன். பதில் இல்லை. மறுபடி அழைத்தேன். இல்லை. வீட்டுக்காரர் படியேறி வந்து நின்றார். மூன்றாவது அழைப்புக்கு ஒரு குரல் வந்தது. "வில்லாபுரம், நல்லா கேக்குது. நான் சோழவந்தான். ஓவர்."

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வீட்டுக்காரர் குனிந்து ரேடியோவை முறைத்தார். "அங்கிட்டு மழையான்னு கேளுப்பா."

கேட்டேன். மழை இல்லையாம். அந்தச் சேதியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவிழ்க்கச் சொல்லவில்லை.

வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் முழம் தேறியது. கொசுறில் மீதிக் கால் முழம் மேலே முடிச்சுக்குப் போயிருந்தது. அது இல்லையென்றால் இந்த வாரமும் பத்தாமல்தான் போயிருக்கும்.

"தப்பு எம்மேலதான்க்கா," என்றேன்.

"தெரியும்டா. டேப்ப எடுத்து உள்ள வையி, யாராவது மிதிக்கப் போறாக."