சுளகில் காயப்போட்ட எஞ்சின்

போன சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரின் பொனற்றைத் திறந்துவைத்து எஞ்சினைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. முதலில் ஏதோ நுரைமருந்தை விசிறினான். அது கறுப்பாக வடிந்தது. பிறகு பழைய பல்பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தான். அதன்பிறகு பிறஷர் வாஷரைத் தூக்கினான். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் கறிவேப்பிலை பிடுங்கிக்கொண்டு நின்றேன். எஞ்சினில் தண்ணீர் மோதிய சத்தம் கேட்டதும் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, "டேய், நிப்பாட்டடா! தண்ணி உள்ளுக்கை போகப்போகுதடா விசரா!" என்று ஒழுங்கையில் நாலு வீட்டுக்கும் கேட்கக் கத்திவிட்டேன்.

அவன் பாவம், வெலவெலத்துப் போனான். "என்ன அன்ரி? தண்ணி பட்டால் பழுதாப்போற சாமான் ஒண்டும் இதிலை திறந்து கிடக்கேல்லை."

"டிஸ்ரிபியூட்டர்?"

"இப்பத்தைக் காருகளுக்கு உது இல்லை அன்ரி. உங்களுக்கு உதெல்லாம் என்னண்டு தெரியும்?"

நல்ல கேள்விதான். சைக்கிளைத் தவிர வேறொன்றையும் ஓட்டத் தெரியாத ஓய்வுபெற்ற ரீச்சர் நான். அந்தச் சைக்கிளையும் பாதி வாழ்க்கை உருட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே பெருவிரல் அளவில் ரோட்டர் என்றொரு துண்டு இருக்கும், அது சுற்றிச்சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு வைக்கும், அது இல்லையென்றால் கார் வெறும் தகரம் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் குலம் அண்ணை வைத்திருந்தது ஒரு பழைய ஏ-ஃபோர்ட்டி கார். சண்டைக் காலம், அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த வருஷங்கள் அவை. பெற்றோல் கண்ணால் காண முடியாத சாமான். கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். அந்தப் புகையின் மணம் ஒருமுறை சட்டையில் ஏறினால் துணி கிழியும்வரை போகாது. அண்ணைக்குக் கலியாணம் பேசி வந்த ஒரு பகுதி, மாப்பிள்ளையில் மண்ணெண்ணெய் மணக்குது என்று சொல்லிவிட்டுப் போனதாக அம்மா சாகும்வரை சொல்லித் திட்டினா.

அந்த மண்ணெண்ணெய் எஞ்சினைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. எரியாத எண்ணெய் ஒயிலில் கலந்து, ஒயில் ஒவ்வொரு மூட்டாலும் கசிந்து, அதில் புழுதி ஒட்டிக் கரிக்களியாகிக் கிடக்கும். கழுவுவதற்குச் சவர்க்காரம் இல்லை. நாங்கள் உடுப்பே பனம்பழத்தில் தோய்த்த காலம். வெயிலில் காய்ந்த என் வெள்ளைச் சேலையை ஒருநாள் மாடு நக்கியது. அந்தச் சேலையோடு நான் பள்ளிக்கூடத்துக்குத் தொண்டர் ஆசிரியையாகப் போனேன், பிள்ளைகள் மூக்கைச் சுளித்தால் குட்டும் போட்டேன். எனக்கு அப்போதே வாய்க்கு முதல் கை நீளும்.

ஆனாலும் அண்ணை எஞ்சினைக் கழுவாமல் விடமாட்டார். சிரட்டைத் துண்டால் சுரண்டி, தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றுவார். தண்ணீர் ஊற்றுவதற்கு முதலே பிளக்குகள், டிஸ்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளைத் துணியால் அடைத்து, கழற்றியதைத் துடைத்து அம்மாவின் சுளகில் பரப்பி வெயிலில் வைத்துவிடுவார். செத்தல் மிளகாய் காயவைக்கிற மாதிரி அது முற்றத்தில் காயும். அம்மா அரிசி புடைக்கிற சுளகு அது. அதற்காக வீட்டில் ஒவ்வொருமுறையும் ஒரு சண்டை நடக்கும்.

சண்டை என்று சொன்னதும் பொன்னுத்துரையர் வந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு வளவுக்காரர். இரண்டு வளவுக்கும் நடுவில் மரக்கொம்புகள் நட்ட கதியால் வேலி. ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கும்போது அந்த வேலி எங்கள் பக்கம் ஒரு சாண் நடந்து வரும். அடுத்த வருஷம் அண்ணை அதை இரண்டு சாண் திருப்பி நடத்துவார். வாய்ப்பேச்சு கல்லெறியாகி, கல்லெறி கத்தியாகி, ஒரு பங்குனியில் பொன்னுத்துரையர் அண்ணையின் முழங்கையைக் கிழித்தார். அண்ணை பதிலுக்கு அவருடைய மண்டையை உடைத்தார். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வாங்கில் பக்கம் பக்கமாய்க் குந்தியிருந்து தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிறகு அந்த வேலிக்கு மேலால் கதைப்பது நின்றது.

வேலிக்குக் கீழால் கதைத்தோம். பொன்னுத்துரையரின் மகள் மலரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கிணற்றடிப் பக்கம் வேலியில் ஆள் நுழைகிற அளவு ஒரு ஓட்டை, பொட்டு என்போம், இருந்தது. அதாலே அவள் மாங்காய் தருவாள், நான் கதைப்புத்தகம் கொடுப்பேன். எனக்கு அவளைப்போல ஒரு சிநேகிதி பிறகு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நான் சண்டை பிடித்துக் கலைத்திருப்பேன் என்பது வேறு கதை.

நவராத்திரி முடிகிற நேரம். மறுநாள் ஆயுத பூசைக்குக் காருக்குச் சந்தனம் வைக்கவேண்டும் என்று அண்ணை காலையிலேயே எஞ்சினைக் கழுவி முடித்திருந்தார். சுளகு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. வழக்கமாகச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அன்றைக்குப் பனைகளுக்கு மேலால் திடீரென்று எழும்பிச் சுடத் தொடங்கிவிட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்தோம். ஓடிய ஓட்டத்தில் யாரோ சுளகைத் தட்டிவிட்டோம். பனை மட்டைகள் முறிந்து விழுந்தன. எங்கள் மாட்டுக்கொட்டிலின் கூரை பிய்ந்து பறந்தது. மாடு மனிசரைப்போலக் கத்தியது.

சத்தம் ஓய்ந்து வெளியே வந்தபோது வேலி வெட்டுப்படுகிற சத்தம் கேட்டது. எந்த வேலிக்காக மண்டையை உடைத்துக்கொண்டாரோ அந்த வேலியைப் பொன்னுத்துரையர் கதியாலோடு வெட்டிப் பிளந்துகொண்டு வந்தார். பின்னால் அவருடைய மனிசி மலரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தா. மலரின் தொடையிலிருந்து இரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது.

"குலம், காரை எடடா!"

"எடுக்க ஏலாதண்ணை. ரோட்டர் இல்லை. கழட்டிக் காயவிட்டனான்."

"பொய் சொல்லாதை!"

"அம்மாவாணைச் சொல்லுறன் அண்ணை—"

பொன்னுத்துரையர் அண்ணையின் தலைமயிரைப் பிடித்துப் பொனற்றில் அடித்தார். கத்தியைக் கழுத்தில் வைத்தார். "வேலியை மனசிலை வைச்சுக்கொண்டு என்ரை பிள்ளையைச் சாகவிடப் பாக்கிறியோ? வெட்டிப்போடுவன்!" கழுத்தில் கீறி இரத்தம் வந்தது. அண்ணை கையைத் தூக்கவில்லை. "வெட்டுறதெண்டால் பிறகு வெட்டுங்கோ. இப்ப ரோட்டரைத் தேடுங்கோ" என்றார்.

தேடினோம். பிளக்குகளும் மூடியும் சுளகுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. ரோட்டரைக் காணவில்லை. அண்ணை பிளக்குகளை ஊதி ஊதிப் பூட்டினார். அம்மா, நான், கத்தியைக் கையில் வைத்தபடியே பொன்னுத்துரையர், மூன்றுபேரும் முற்றத்து மணலில் முழங்காலில் நின்று கைகளால் அரித்தோம். மலர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் போகவில்லை, மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தேன். ஹெலிக்காரனைக் கெட்ட வார்த்தையால் பேசினேன். கடவுளையும் பேசினேன். கடைசியில் அது வாழைப் பாத்திக்குள் சேற்றில் கிடந்து என் கையில் பட்டது. என் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தேன்.

கார் உடனே எழும்பவில்லை. மூன்றாந்தரம் எழும்பியது. நான் பின்சீற்றில் மலரின் தொடையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரல்களுக்கிடையால் சூடாக வந்துகொண்டேயிருந்தது. மருதனார்மடம் தாண்டும்போது அது குறைந்தது. நிற்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு.

ஆஸ்பத்திரியில் மலர் போய்விட்டாள் என்றார்கள். தாயும் தகப்பனும் அவள்மேல் விழுந்து குழற, டொக்டர் என்னை ஒருபக்கம் கூப்பிட்டார். அண்ணைக்குப் பித்துப்பிடித்தது போலிருந்ததைக் கண்டிருப்பார். "பெரிய இரத்தக்குழாய் அறுந்துபோச்சுது பிள்ளை. கார் வாசல்லை ஸ்ரார்ட்டிலை நிண்டிருந்தாலும் காப்பாத்தியிருக்க ஏலாது. வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ" என்றார்.

அந்தக் குழறலுக்குள் யாருக்குச் சொல்வது? செத்தவீட்டுக்கு எங்களை விடவில்லை. ஒழுங்கையில் வைத்தே பொன்னுத்துரையரின் சொந்தக்காரர்கள் அடித்துத் திருப்பினார்கள். மலரை எடுத்துக்கொண்டு போனதை வெட்டின வேலிக்குள்ளால்தான் பார்த்தேன்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த அன்று பின்னேரம் பொன்னுத்துரையர் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார். அம்மா குழறினா. அண்ணை எழும்பிப் போய்க் காரின் பொனற்றைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். என் பிறவியில் அண்ணைமேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. பொன்னுத்துரையர் அலவாங்கை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினார். டிஸ்ரிபியூட்டர், கார்புரேற்றர், ரேடியேற்றர் என்று சாம்பல் போட்டு மினுக்கின ஒவ்வொன்றும் உடைந்து சிதறியது. "டொக்டர் சொன்னவர், கேளுங்கோ!" என்று நான் கத்திக்கொண்டு கிட்டப் போனேன். அலவாங்கு திரும்பியபோது அண்ணை என்னைப் பிடித்து இழுத்தார். இரும்புச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கை ஓய்ந்ததும் அவர் அலவாங்கை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு நடந்து போனார். அதன்பிறகு எங்களைக் கண்டாலே வழிமாறிப் போய்விடுவார்.

"ஏன் அண்ணை விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஹெலியை அவராலை எட்ட ஏலுமே?" என்றார் அண்ணை. அதற்குப் பிறகு அவர் எந்தக் காரின் பொனற்றையும் திறந்து நான் பார்க்கவில்லை. இப்போது கனடாவில் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறார்.

இரண்டு வருஷம் கழித்து மழைக்காலத்தில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரேயடியாக எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வாதம், வாசல் படலையைத் தாண்டவே ஏலாது. சைக்கிளை அதற்குமுன்பே யாரோ களவெடுத்துவிட்டான். அண்ணை அம்மாவைத் தோளில் தூக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, மனிசியைச் சனத்தோடு முன்னுக்கு அனுப்பிவிட்டுப் பொன்னுத்துரையர் சைக்கிளோடு படலைக்குள் வந்தார். காரியரில் கட்டியிருந்த உடுப்பு மூட்டையை அவிழ்த்து எங்கள் முற்றத்திலேயே எறிந்தார். அம்மாவை ஏற்றிச் சாக்கால் சுற்றிக் கட்டினார். மழைக்குள்ளும் சனத்துக்குள்ளும், விழுந்தால் மிதிபடுகிற நெரிசலுக்குள்ளும் சாவகச்சேரிவரை அவர்தான் உருட்டினார். அண்ணை பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அம்மாவை இறக்கி வைத்தார். சாக்கை உதறி மடித்தார். அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு, "கார் இருந்திருந்தால் உந்த மனிசி இவ்வளவு நனைஞ்சிராது" என்றார்.

"அதைவிடுங்கோ அண்ணை" என்றார் எங்கள் அண்ணை.

அவர் சைக்கிளைத் திருப்பிவிட்டார். டொக்டர் சொன்னதை அவருக்கு இன்னும் சொல்லவில்லையே என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அம்மாவை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். றோட்டு முழுக்கச் சனம், எல்லோர் தலையிலும் சாக்கு, எல்லோர் கையிலும் சைக்கிள். கூப்பிட்டேன். எத்தனையோ பொன்னுத்துரைகள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஆள் இல்லை. பிறகு விசாரித்தபோது அவர் வன்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார், அங்கே காய்ச்சலில் செத்துப்போனதாக வேறொருவர் சொன்னார். மனிசியைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. வேலி போய் மதில் வந்துவிட்டது, அந்த வளவும் கைமாறிவிட்டது. அந்த டொக்டர் சொன்ன சொல்லை மட்டும் நான் இன்னும் ஒரு எழுத்தும் மறக்கவில்லை. கேட்கவேண்டிய மனிசர்தான் இல்லை.