கன்னடத்தில் ஒரு மருத்துவச் சீட்டு

பட்டாளத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். அதில் இரண்டரை வருஷம் எண்ணூறு பேருக்குக் கமாண்டிங் ஆபீசர், சி.ஓ. மேலே இருந்தவரிடமும் சரி, கீழே இருந்தவனிடமும் சரி, நான் ஒரு பொய் சொன்னதாக யாரும் விரல் நீட்ட முடியாது. மைசூரில் எங்கள் சபையில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்று ஊருக்கே திரும்பிய பிறகு சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ராணுவ அதிகாரி, தமிழன், விசுவாசி. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கிடைத்தால் எந்தப் போதகர் விடுவார்? நஞ்சன்கூட்டில் ஆலைத் தொழிலாளர்களின் ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாலிபர் முகாமில் சொன்னேன். இடம்தான் மாறும், சாட்சி ஒன்றுதான்.

லீவு முடிந்து பத்தொன்பது நாள் கழித்து வந்த ஒரு ஜவான். ஹனூருக்கு அப்பால் ஒரு கிராமத்துத் தமிழன், கிறிஸ்தவன். என் மொழி, என் வேதம் என்று தயவு பார்க்காமல் இருபத்தெட்டு நாள் சிறை கொடுத்தேன். அன்று சாயங்காலமே சகோதரனாக அவன் சிறை அறைக்குப் போய் அவனுக்காக ஜெபித்தேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. காலையில் நீதி, மாலையில் இரக்கம், இரண்டும் ஒரே கையிலிருந்து. இந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்குவேன். பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுப்பார்கள். போதகர் "ஸ்தோத்திரம்" என்பார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. விட்டுப்போனது மட்டும் நிறைய.

பட்டாளத்தில் தண்டனை கொடுக்கும் இடத்துக்கு ஆர்டர்லி ரூம் என்று பெயர். குற்றம் செய்தவனைத் தொப்பியும் பெல்ட்டும் கழற்றி, இரண்டு பக்கமும் ஆள் நிற்க, லெஃப்ட் ரைட் போட்டு உள்ளே கொண்டுவருவார்கள். மேஜைக்குப் பின்னால் நான். பக்கத்தில் என் உதவி அதிகாரியான அட்ஜுடன்ட், பஞ்சாப்காரர். கதவருகே சுபேதார் மேஜர், வடக்கே இமயமலைப் பக்கத்துக்காரர். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பது என் வழக்கம். ஜெபித்துவிட்டு எழுந்தால் கை நடுங்காது. அது எதற்காக நடுங்க இருந்தது என்று விசாரிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று அவன் வாயால் சொன்னது அங்கே எடுபடாது; அதற்கு ஒரு சீட்டு கொண்டுவந்திருந்தான். ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதி, டாக்டர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய சீட்டு. முழுக்கக் கன்னடம். அட்ஜுடன்ட் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். அந்த முகாமில் அவனைத் தவிர கன்னடம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மைசூரில் பிறந்து, பத்தாவது வரை கன்னடத்தைப் பாடமாகப் படித்தவன். நான்கே வரி. அவன் மனைவிக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது, கைக்குழந்தை வேறு இருக்கிறது, கணவன் கூட இருந்தே ஆக வேண்டும். ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மைசூர் சார் படித்துச் சொல்லிவிடுவார் என்று நம்பியிருப்பான்.

அந்த மாதம்தான் மெஸ்ஸில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. ஒரு கிறிஸ்தவப் பையனுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, சி.ஓ. தன் ஆட்களைக் கவனித்துக்கொள்கிறார் என்று பேச்சு. இப்போது நானே உட்கார்ந்து இவன் சீட்டை மொழிபெயர்த்துச் சொன்னால் அட்ஜுடன்ட் என்ன நினைப்பார்? சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இதை இங்கே யார் படிப்பது?" என்று இந்தியில் கேட்டேன்.

கவனியுங்கள், அது கேள்வி. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. பொய் சொல்லாமல் இருப்பதில் நான் அவ்வளவு ஜாக்கிரதையானவன். சுபேதார் மேஜர் உதட்டைப் பிதுக்கினார். சீட்டைக் கோப்பில் வைத்துவிட்டு, என் அதிகாரத்தில் கொடுக்கக்கூடிய முழுத் தண்டனையையும் கொடுத்தேன். மெஸ்ஸில் முணுமுணுப்பு அன்றோடு நின்றது.

பதினோராவது நாள் அவன் மைத்துனன் போன் செய்து, பெண் பிழைப்பாளா என்றே சந்தேகம், உடனே அனுப்புங்கள் என்றான். மீதி நாட்களைத் தள்ளுபடி செய்து அவனை ரயிலேற்ற என் ஒரு கையெழுத்து போதும். ஆனால் சாகக் கிடக்கிறார்கள் என்று சொல்லி லீவு வாங்கிக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே விதிப்படி, உள்ளூர் போலீஸ் மூலம் சரிபார்த்துச் சொல்லும்படி செய்தி அனுப்பினேன். நோய் நிஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் சரிபார்க்கச் சொன்னேன்.

பதில் வர நான்கு நாள் ஆயிற்று. முதல் நாள் போலவே அந்த நான்கு நாளும் சாயங்காலம் வேத புஸ்தகத்தோடு அவன் அறைக்குப் போனேன். அவன் விறைப்பாக நிற்பான். நான் கண்ணை மூடி அவன் மனைவிக்குச் சுகம் கேட்பேன். இருபது நிமிஷம், சில நாள் அதற்கு மேலும். நான் "ஆமென்" சொன்னால் அவனும் "ஆமென்" சொல்வான். சொல்லாமல் என்ன செய்வான், சி.ஓ. அல்லவா சொல்லச் சொல்கிறார்? ஐந்தாம் நாள் போலீஸ் பதில் வந்தது. நோய் உண்மை. நோயாளி இரண்டு நாள் முன்பே இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்தது. அன்றே அவனை ஊருக்கு அனுப்பினேன். கோப்பில் எல்லாம் முறையாக இருந்தது.

இதெல்லாம் சாட்சியில் வராது. சாட்சிக்குக் கொடுப்பது இருபது நிமிஷம்தானே.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில், அதன் முதல் நாளான சாம்பல் புதன் அன்று, எங்கள் தமிழ்ச் சபையும் கன்னடச் சபையும் சேர்ந்து ஆராதனை நடத்தின. கன்னட வேதபாடத்தை வாசிக்க என்னைக் கேட்டார்கள். வருஷா வருஷம் கேட்பார்கள். நன்றாக வாசிப்பேன் என்று கன்னடக்காரர்களே சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை லெந்து கூட்டத்தில் என் சாட்சி. மறுநாள் மத்தியானம் போகாதி ரோட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஹாஸ்டல் தோழியோடு இரண்டு கூட்டத்துக்கும் வந்திருக்கிறாள். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், நீங்க சொன்ன அந்த ஜவான் எங்கப்பா" என்றாள். "பேரு சொல்லாம சொன்னீங்க. ஆனா உங்க பேரு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"அப்பா அழுதாங்கன்னு சொன்னீங்க. அது நிஜம்தான். ஜெபத்துக்காக அழலை. நீங்க ஜெபம் பண்றப்போ ரூம் கதவு திறந்தேதான் இருக்குமாம். ஊருக்குப் போறதுக்கும் அப்பாவுக்கும் நடுவுல நீங்க ஒருத்தர்தான் நின்னுக்கிட்டிருந்தீங்களாம். அம்மா போனப்போ எனக்கு எட்டு மாசம் சார்."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை எனக்குப் பழக்கம். ஆனால் அவள் கெஞ்சத்தான் வந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். அவள் அப்பா முழுச் சர்வீஸ் முடித்து வந்து, இப்போது பாலாறு செக்போஸ்ட் பக்கம் காவல் வேலை பார்க்கிறார். இதயத்தில் கோளாறு. இத்தனை வருஷமாக அவர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தது ஒன்றுதான்: சார் மேல் தப்பில்லை, மைசூர்க்காரர் என்றாலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கன்னடம் பேசுவார், எழுத்து தெரியாது, தெரிந்திருந்தால் அன்றே விட்டிருப்பார்.

"அதை வெச்சுத்தான் சார் அவர் உயிரோட இருக்கார். நான் புதன்கிழமை நீங்க கன்னடத்துல வாசிச்சதைப் பாத்துட்டேன். அவர்கிட்ட சொல்லலை. உங்களைப் பாத்தேன்னு மட்டும் போன்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். சார்கிட்ட ஒரு தடவை பேசணும், போட்டுக் குடுன்னு நிக்கறார். பேசினா நிச்சயமா அந்தப் பேச்சு வரும். படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். வேற எதுவும் வேண்டாம்."

"நான் பொய் சொல்றதில்லைம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. வெறுப்பு என்றால் புரிந்துகொண்டிருப்பேன். ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நர்ஸ்கள் முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்வார்களே, அப்படி வைத்துக்கொண்டாள்.

"சரி, பேசவேண்டாம். நம்பர் தரமாட்டேன். நீங்க ஊர்ல இல்லைன்னு நானே சொல்லிக்கறேன். பொய் எனக்கு வரும் சார்." எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவரை விட்ருங்க சார்" என்றாள். காபி அப்படியே இருந்தது.

விட்டிருக்கலாம். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இருப்பதைத் தவிர. ஆனால் அன்று முதல் நெஞ்சில் முள் மாதிரி ஒன்று. செய்த பாவத்தை அறிக்கையிடாமல் லெந்து நாட்களைக் கழிக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் முழங்காலில் நின்றேன். எழுந்தபோது தெளிவாக இருந்தது. கொள்ளேகால் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு ஒரு போன் போட்டேன். கர்னல் கேட்டால் நம்பர் கிடைக்காமல் போகுமா? ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது.

அவன் எடுத்தான். பின்னால் லாரிகளின் இரைச்சல். என் குரலைக் கேட்டதும், "ஜெய்ஹிந்த் சார்" என்றான். விறைத்து நின்றுவிட்டான் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நல்லா இருக்கீங்களா சார்? புள்ள சொல்லுச்சுங்க, உங்களப் பாத்தேன்னு. நீங்களே கூப்புடுவீங்கன்னு நெனைக்கலைங்க சார்." சிரித்தான். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சார். உங்க மேல என்னங்க தப்பு? கன்னட எழுத்து உங்களுக்கு வராது. நாந்தான் அந்த டாக்டர்கிட்ட இங்கிலீசுல எழுதி வாங்கியிருக்கோணும். அந்தப் புத்தி அப்ப எனக்கில்லாமப் போச்சுங்க."

அவ்வளவுதான். அவனே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். "ம்" என்று சொல்லியிருந்தால் போதும். "ம்" பொய்யில் சேருமா என்றுகூட எனக்குத் தெரியாது.

"எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன். "அன்னிக்கே படிச்சேன். உன் சம்சாரத்துக்கு என்னன்னு முழுசாப் படிச்சேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. 

"சரிங்க சார்" என்றான். பிறகு, "அப்பறம் எதுக்குங்க சார்?"

"நம்ம ஆளுன்னு விட்டுட்டேன்னு மத்தவங்க சொல்லுவாங்கன்னு."

"சரிங்க சார்."

"என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"சரிங்க சார்."

டிரெஞ்ச் வெட்டு என்றால், மூட்டை தூக்கு என்றால் சொல்வானே, அதே "சரிங்க சார்". மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. அவன் போனை வைக்கவில்லை. சி.ஓ. பேசும்போது ஜவான் வைக்கமாட்டான். நான் வைக்கும்வரை நின்றுகொண்டிருந்தான். நான்தான் வைத்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பா இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. மாத்திரை போட மறுக்கிறார். யாரோடும் பேசுவதில்லை. அம்மா படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உன்னைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று அதனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிறாளாம். "இனி எங்களுக்கு ஒருபோதும் போன் செய்யாதீர்கள்" என்று முடித்திருந்தாள். அதில் 'சார்' இல்லை.

 

அந்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. வரிசையில் போய் முழங்காலிட்டுக் கையை நீட்டினேன். அப்பமும் வந்தது, பாத்திரமும் வந்தது. எத்தனையோ வருஷங்களில் முதல் முறையாக எந்த உறுத்தலும் இல்லாமல் வாங்கிக்கொண்டேன். நெஞ்சு லேசாக இருந்தது. இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது என் மனைவி, "முகமே தெளிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய்.