நாலு கம்பியும் அதை மாட்ட வந்தவர்களும்

புதுக் கிட்டார் வாங்க வருகிறவர் சிரித்துக்கொண்டே வருவார். அடித்தளச் சத்தம் கொடுக்கும் நாலு கம்பி பாஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்ற வருகிறவர் ஏதாவது ஒரு குறையோடுதான் வருவார். அம்பத்தூரில் கடை வைத்துப் பதினோரு வருடமாக அந்தக் குறைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைப் பலகையில் ஸ்ட்ரிங் என்று எழுதியிருந்தாலும் வாய் கம்பி என்றுதான் சொல்லும். நீங்களும் பாஸ் வாசிப்பவர் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். நாம் வாசிக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தடித்த செட்

அண்ணனூர் முருகன் பகலில் எலக்ட்ரீஷியன், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிக்காரர். யாரோ பாறையை உருட்டுவதுபோல் வாசித்த வீடியோவை செல்போனில் காட்டி, அதே தடிமனில் கம்பி வேண்டும் என்றார். அது சுருதியை நன்றாக இறக்கி வைத்து, ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்கானது. முருகனோ விரல் நுனியால் மெல்லத் தொட்டு வாசிக்கிறவர். எனக்கு இது தெரியும். ஆனாலும் கேட்டதைக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்து மாட்டி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். இழுவை தாங்காமல் கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பிகள் உயரத் தூக்கிக்கொண்டு நின்றன. ஒரு வரவேற்பில் பாதிக் கச்சேரிக்கு மேல் விரல் ஓடவில்லையாம். கழுத்தை நிமிர்த்தி, நடுத்தரத் தடிமனில் வேறு செட் மாட்டினேன். என் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கோபமே இல்லாமல் கேட்டார்: “நான் கேட்டத நீ குட்த்துட்ட அண்ணாத்தே. கேக்காதத யாரு சொல்றது?”

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்கிறேன்.

கொதிக்கிற தண்ணீர்

பூந்தமல்லியிலிருந்து வரும் கவிதா ஒரு நர்ஸ். அவளுக்குக் கை எப்போதும் வியர்க்கும். எந்த செட் மாட்டினாலும் மூன்றே வாரத்தில் கம்பியில் உயிர் போய்விடும். வாசித்ததும் துணியால் துடை, இல்லையென்றால் மேல்பூச்சு உள்ள கம்பி வாங்கு என்றேன். பழைய கம்பியைக் கொதிக்க வைத்தால் சத்தம் திரும்பும் என்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். அழுக்கு போகும், சில நாளைக்குப் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான் என்றேன்.

மறுநாள் கடைக்குப் போன் வந்தது. அவளுடைய அம்மா. மகள் அடுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாளாம். என் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். “தம்பி, இட்லிப் பானைல போட்டு அரை மணி நேரம் ஆவுது. வெந்துச்சா இல்லையான்னு எப்டி பாக்கறது?”

ரஃபீக்கின் நடுவிரல்

ரஃபீக்கும் பூந்தமல்லிக்காரர்தான், மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறார். பைக் சங்கிலியைத் துடைக்கும்போது இடது நடுவிரலின் நுனி போய்விட்டது. காயம் ஆறி ஏழெட்டு மாதம் கழித்து பாஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாதாரணக் கம்பியின் மேல்சுற்று சுருள் சுருளாக இருக்கும். அந்த வரிகள் தழும்பில் அரம்போல உரசின. நாலு சுரம் வாசிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

மேல்சுற்று தட்டையாக, பட்டுப்போல வழுக்கும் கம்பி உண்டு. அதிலேயே இழுவை குறைந்த செட்டாகத் தேடி வரவழைத்தேன். பத்து நாள் ஆனது. மாட்டி, இழுவை இன்னும் தளர சுருதியையும் அரைச் சுரம் இறக்கினேன். அதில் குறையும் உண்டு. சத்தம் மொத்தையாகிவிடும், பழைய துள்ளல் இருக்காது. அதை முதலிலேயே சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டை நிதானமாக வாசித்து முடித்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துள்ளாட்டி போவுதுண்ணே. குந்திகினு வாசிக்கிறவனுக்கு துள்ளல் எதுக்கு?”

மங்கலான சத்தம்

ஆவடி டேவிட் அண்ணன் சர்ச்சில் வாசிப்பவர். தகடு அடிக்கிற பட்டறையில் இருபது வருட வேலை. இரண்டு மாதத்தில் மூன்று தடவை கம்பி மாற்ற வந்தார். மூன்று தடவையும் ஒரே புகார்: சத்தம் மங்கலாக இருக்கிறது. நிக்கல் கம்பி போட்டேன், மங்கல் என்றார். இருப்பதிலேயே கூர்மையான ஸ்டீல் கம்பியை மாட்டினேன், அதுவும் மங்கலாம். போலிச் சரக்கு விற்கிறேன் என்று நினைக்கிறாரோ என எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

மூன்றாவது தடவை மனைவி மேரி அக்காவும் கூட வந்தார். இன்னொரு புது ஸ்டீல் செட்டை மாட்டி, அதன்மேல் விரலை வேகமாக இழுத்தேன். புது ஸ்டீல் கம்பி கிறீச்சென்று பல் கூசும்படி கத்தும். மேரி அக்கா சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார். டேவிட் அண்ணன் அசையவில்லை. மேலே ஏதாவது வாசிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பி விற்கிறவன் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. முருகனிடம் பேசாமல் இருந்து பட்டது நினைவுக்கு வந்தது. கம்பியில் குறை இல்லைண்ணே, ஒருமுறை டாக்டரிடம் காதைக் காட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகியது. கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மேரி அக்கா மட்டும் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஆறு வாரம் ஆள் இல்லை. ஒரு வாடிக்கையாளரையும் நல்ல மனிதரையும் சேர்த்து இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார், இரண்டு காதிலும் சின்ன மெஷின். ஃபேன் சத்தத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிட்டாரை மேஜைமேல் வைத்தார். “அந்த ஸ்டீல் கம்பிய கழட்டிட்டு பழைய நிக்கலே போடு தம்பி. இத கேட்டுகினு எங்க சர்ச்சுல எப்டித்தான் பொறுத்துகினு இருந்தாங்களோ?”

நாலே நாலு கம்பிதானே, சுலபம் என்று நம்பித்தான் பாஸ் பக்கம் வந்தேன். ஆறு கம்பிக் கிட்டார்காரர்கள் யாரும் என்னை இவ்வளவு யோசிக்க வைத்ததில்லை.