தம்பி கரையிறங்கிய தீவு

தம்பிக்கு ஒபரேஷன் நடந்த செய்தி எனக்குச் சிங்களத்தில்தான் வந்தது. ருவான்வெல்லைக்குப் போகும் காலை பஸ்ஸுக்காகத் தோட்டத்துச் சந்தியில் நின்றுகொண்டிருந்தேன். அவனோடு மீன்பிடிக் கப்பலின் சமையலறையில் வேலை செய்த சிங்கள நண்பன் போனில் பேசினான். “அக்கே, பய வென்ன எபா” என்றுதான் தொடங்கினான். பயப்பட வேண்டாம் என்று ஒருவர் தொடங்கினால் அதற்குப் பிறகு வருவது காதில் சரியாக விழுவதில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். நடுக்கடலில் தம்பிக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது. குடல்வால் வெடித்துவிட்டது. கப்பல் கரையைத் தொட்டதும் ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் மீனை இறக்கி முடித்ததும் கப்பல் புறப்பட்டாக வேண்டும், அவனை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போகப்போகிறார்கள்.

எந்த ஊரில் என்று கேட்டேன். பாங்கோ பாங்கோ என்றான்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதே இல்லை. பஸ்ஸில் நின்றபடியே போனில் தேடினேன். எழுத்தில் பாகோ பாகோ என்று இருந்தது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில், பூமத்தியரேகைக்குத் தெற்கே, அமெரிக்காவுக்குச் சொந்தமான ஒரு சின்னத் தீவின் துறைமுகம். அமெரிக்கன் சமோவா என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடப்பக்க ஓரத்தில், சட்டம் அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும் அளவில் ஒரு புள்ளி.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ரப்பர் விறகைப் பிளந்துகொண்டிருந்தார். கோடரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டு முழுவதையும் கேட்டார். அழவில்லை. பிழைத்துவிட்டானா என்று ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கேட்டார்.

“அங்க அவனுக்கு யாரு புள்ள சோறு குடுக்குறாங்க?”

எங்கள் லயம் மலைக்குப் பின்புறம் இருப்பதால் போனில் குரல் வெட்டி வெட்டித்தான் வரும். சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குள் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். அவர் விடியற்காலையில் பேக்கரிப் பாண் இறக்குவதற்காகக் கடை திறக்கிறவர். அந்த நேரம் தீவில் முந்தின நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்க விடும் வேளை. அம்மா அதை முதலில் நம்பவில்லை. இங்கே புதன்கிழமை விடிந்திருக்க அங்கே இன்னும் செவ்வாய்க்கிழமையா என்று நானாவிடம் கேட்டுப் பார்த்தார். நானா யோசித்துவிட்டு, அது சரிதான், உலகம் உருண்டை என்றார். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, பிளேன் டீயும் ஊற்றித் தந்தார்.

வீடியோவில் தம்பியின் முகம் வந்தபோது அடையாளம் தெரியாதபடி வற்றிப்போயிருந்தான். அம்மா முகத்தைப் போனுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய்விட்டதால் அவனுக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றவன், போனைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வார்டுதானாம், அங்கே மிக வயதான ஓர் அம்மா படுத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பூப்போட்ட சட்டையோடு, காதில் ஒரு வெள்ளைப் பூவும் வைத்துக்கொண்டு, திடமான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அவள் அங்கே மீன் டின் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை செய்கிறவளாம். வேலை முறை முடிந்ததும் தன் தாய்க்குச் சாப்பாடு கொண்டுவருவாளாம். ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தம்பி தொடாமல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் தாய்க்குக் கொண்டுவந்ததில் பாதியை அவன் தட்டில் வைத்திருக்கிறாள். சேம்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஈரப்பலாக்காய். தம்பி அதைச் சொன்னதும் அம்மா என் தோளைத் தட்டினார்.

“ஈரப்பலாவா? நம்ம ஈரப்பலாவா? அப்படின்னா பொழச்சிக்குவான்.”

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில் அம்மா மூச்சு வாங்காமல் நடந்தார்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அமெரிக்கக் கொடி பறக்கிற ஊர் என்றாலும், அங்கிருந்து பெரிய விமானம் ஹவாய்க்குத்தான் போகும், ஹவாயில் இறங்க அமெரிக்க விசா வேண்டும். தீவில் இருக்க அனுமதி தருவது தீவின் சொந்த அரசாங்கம், அது வேறு சட்டம். இன்னொரு வழி, சின்ன விமானத்தில் பக்கத்திலுள்ள இன்னொரு சமோவாவுக்குப் போய் அங்கிருந்து வருவது. அது தனி நாடு, அதற்கு வேறு கடதாசிகள். கப்பலின் ஏஜண்ட் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு ஊர்க்காரர் யாராவது பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பெண்தான் ஏற்றாள். தன் வீட்டில் ஒரு பாய் விரித்துக் கொடுத்தாள்.

அந்த வாரங்களில் அம்மா அந்தத் தீவைப் பற்றிக் கேட்ட கேள்விகளை எந்தப் பிள்ளையும் வகுப்பில் என்னிடம் கேட்டதில்லை. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர்ப் பால் வெட்டு இல்லாமல் லயம் முழுக்க வீட்டிலேயே அடைந்துகிடந்தது. நான் தேடிப் படித்ததையும் தம்பி சொன்னதையும் சேர்த்துச் சாயங்காலங்களில் அம்மாவுக்குச் சொல்வேன். கடலிலிருந்து நேரே எழும்பிய மலைகள். மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுக்கமான ஒரு பாதை, அதை ஒட்டி வீடுகள். எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உண்டான துறைமுகம். அதன் தலைமாட்டில் நிற்கும் மலைக்கு மழையைக் கொண்டுவரும் மலை என்றே பெயர். வருஷம் முழுவதும் மழை. அம்மா அதோடு என்னை நிறுத்தினார். மழை பெய்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை உண்டா, நாட்கூலிக்குப் பேர் விழுமா என்று கேட்டார்.

மழையிலும் வேலை உண்டு, மீன் வராவிட்டால்தான் இல்லை என்றேன். அந்த ஊரில் அரசாங்க உத்தியோகம், அதை விட்டால் அந்த ஒரு ஃபேக்டரி. முன்பு இன்னொன்றும் இருந்ததாம், மூடிவிட்டார்கள். கப்பல்கள் தாமதித்தால் முறையைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். “நம்ம ஸ்டோரு மாதிரிதான்” என்றார் அம்மா, தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியை நினைத்து. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “ஸ்டோர்ல வேல செய்ற புள்ள” என்றுதான் சொல்வார்.

ஆட்சி யாருடையது என்பதை விளங்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்களுக்கு ஓர் ஆளுநர் உண்டு, அவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டசபையின் ஒரு பாதியில் ஊர்த்தலைவர்கள்தான் உட்கார முடியும். அமெரிக்கக் காங்கிரசுக்கு ஓர் ஆளை அனுப்புகிறார்கள், அவர் பேசலாம், சட்டம் நிறைவேறும்போது கை உயர்த்த முடியாது. அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இல்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள், ஆனால் அமெரிக்கப் பிரஜை இல்லை என்று அதிலேயே போட்டிருக்கும். நிலத்தில் பெரும்பங்கு குடும்பத்துக்குப் பொது, குடும்பத் தலைவர் பார்த்துக்கொள்வார், வெளியாருக்கு விற்க முடியாது.

அம்மா பிறந்தது இதே தோட்டத்தில். பிரஜை என்ற கடதாசி அவர் கைக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பிறந்திருந்தோம். அதுவரை எந்த நாடும் அவரைத் தன்னுடையவர் என்று எழுதவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினார்.

“நமக்கு ஓட்டு வந்திச்சி, நெலம் வரல. அவங்களுக்கு நெலம் இருக்கு, ஓட்டு வரல. என்னமோ எல்லாருக்கும் ஒண்ண கொறச்சிதான் குடுக்குறாங்க.”

சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணும் அம்மாவும் பேசிக்கொண்ட விதத்தை நானா கடைக்கு வந்த ஆட்களெல்லாம் நின்று பார்ப்பார்கள். அவள் சமோவ மொழியில் பேசுவாள், கொஞ்சம் இங்கிலீஷும் கலப்பாள். அம்மா தமிழில் பேசுவார், வெளிநாட்டுக்காரி என்பதால் இடையிடையே சிங்களத்தையும் போட்டுப் பார்ப்பார். நானும் தம்பியும் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க முயல்வோம், அவர்கள் எங்களுக்காகக் காத்திருப்பதில்லை. அவள் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். முற்றத்தில் ஈரப்பலா மரம், வாழை, கட்டிப்போட்ட நாய், தம்பியின் சட்டை காயும் கொடி. சட்டையைப் பார்த்ததும் அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெள்ளையாகத் துவைத்து, காலரை நேராக இழுத்துக் காயப்போட்டிருந்தாள்.

தீபாவளி அவனில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் தம்பி அழைத்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்த வயதான அம்மா இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், இவன் வலியில் முனகினால் அவர் தன் கட்டிலிலிருந்து கையை நீட்டி இவன் கட்டிலின் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பாராம். தொட எட்டாது, அதனால் கம்பியைத் தட்டுவார். அதை அவன் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அம்மா கேட்டார்.

“வீட்டு வாசல்லயேம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான். மொதல்ல போனவங்க எல்லாரும் வாசல்லதான் இருக்காங்க. மேல கூர போட்டு, பூ வச்சி, பக்கத்துலயே ஒக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க.”

“நீ தோள் குடுத்தியா?”

“வயித்துல தையல் போட்டதால தூக்க விடலம்மா. மழ பெஞ்சிச்சி. கொட புடிச்சேன்.”

அம்மா தலையை ஆட்டினார். போன் நின்ற பிறகும் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. அப்பாவைத் தோட்டத்துச் சரிவில்தான் அடக்கம் செய்திருந்தோம். சில வருஷங்களுக்கு முன் பழைய மரங்களைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டபோது மெஷின் அந்தப் பக்கமும் போனது. இப்போது அந்த இடத்தில் வரிசை வரிசையாக இளம் ரப்பர் நிற்கிறது. எந்த வரிசை என்று எங்களால் சொல்ல முடியாது. அம்மா நானாவிடம் ஒரு கட்டு ஊதுபத்தி கேட்டு வாங்கினார். சாயங்காலம் புதுக்கன்றுகளுக்கு நடுவில் ஓரிடத்தில் பாதியையும், வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் மீதியையும் கொளுத்தி வைத்தார். மீதி யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கடதாசி வந்தது. தம்பி சின்ன விமானத்தில் பக்கத்துச் சமோவாவுக்குப் பறந்தான். அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம்தான், ஆனால் நடுவில் தேதிக்கோடு இருப்பதால் இறங்கும்போது ஒரு நாள் காணாமல் போயிருந்தது. பிறகு ஃபிஜி, பிறகு இன்னும் பல விமான நிலையங்களின் வாங்குகளில் காத்திருப்பு. கட்டுநாயக்கவில் நான் போய்க் கூட்டிவந்தேன். லயத்து வாசலில் அம்மா அவனைக் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. சட்டையைத் தூக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிவிட்டு, நல்லாத்தான் தச்சிருக்காங்க என்றார்.

அவன் மறுபடி கப்பலுக்குப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவனாகவே வேண்டாம் என்றான். இப்போது கேகாலையில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறான். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான்.

அந்தப் பெண் இன்னும் பேசுகிறாள். அவளுக்குச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். போன மாதம் ஒரு ஞாயிறு நானா கடையிலிருந்து நாங்கள் அழைத்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. அவளுடைய ஒரே மகன் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, அன்றைக்கு ஹவாய் விமானத்தில் ஏறிவிட்டானாம். அந்தத் தீவிலிருந்து நிறையப் பிள்ளைகள் அப்படிப் போகிறார்கள், ஃபேக்டரி எல்லாருக்கும் வேலை தராது என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். ஓட்டுப் போட முடியாத நாட்டுக்காக எப்படிப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. பிள்ளை போய்விட்டான் என்பது மட்டும் விளங்கியது.

அவள் பேசத் தொடங்கி, முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இங்கிலீஷில் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணுஞ் சொல்லாத புள்ள. அவ அழட்டும். போன மட்டும் வச்சிராத.”

நாங்கள் வைக்கவில்லை. கடைக்குள் ஆட்கள் வந்து போனார்கள். நானா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அம்மா நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.