சங்கையா விழவில்லை

என் தம்பி சங்கையாவுக்கு இரண்டு கையும் ஒடிந்தது போலீஸ் ஸ்டேஷனில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒரு வருஷம் போல நாங்களே அதை மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். மழை பெய்தால் குதிரைவாலி, பருத்தி. பெய்யாத வருஷம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவோம். அதில் சங்கையா பேர் எடுத்தவன். விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடித் தீ வைத்துவிட்டால், கரியாகி முடியும்வரை மூட்டத்தடியை விட்டு நகரமாட்டான். புகையைப் பார்த்தே எந்தப் பக்கம் மண் வெடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். முன்கோபக்காரன். சீட்டாட்டம் உண்டு. களவு கிடையாது.

பந்தல்குடி ரோட்டில் ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டார் காணாமல் போனது. பக்கத்தில் மூட்டத்துக்குக் காவல் கிடந்தவன் இவன்தான் என்று கூட்டிப்போனார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேர் ராமசுப்பு. மூன்றாம் நாள் மோட்டார் வேறொருவன் வீட்டில் கிடைத்தது, இவனை விட்டுவிட்டார்கள். புகார் எதுவும் இல்லை என்று எழுதிய தாளில் இவன் பெருவிரலைப் பிடித்து உருட்டிக்கொண்டார்கள். சங்கையா எட்டாவது படித்தவன், கையெழுத்துப் போடுவான். அன்றைக்குப் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை.

நான்தான் நல்லமுத்து வைத்தியரிடம் போகச் சொன்னேன். எங்கள் பக்கம் எலும்பு ஒடிந்தால் பெரிய ஆஸ்பத்திரியை யாரும் நினைப்பதில்லை. அங்கே மாவுக்கட்டு போட்டால் கை கோணிப்போகும் என்பது எங்கள் எண்ணம். நல்லமுத்து முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார். தொடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒன்று கேட்பார்.

“எப்படிப்பா ஒடிஞ்சது? விழுந்தியா, அடிபட்டியா?”

“மூட்டத்து மேலருந்து விழுந்துட்டேன் வைத்தியரே” என்றான் தம்பி.

நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் மகள் ப்ரியாவை மல்லாங்கிணற்றிலிருந்து பெண் கேட்டு வந்திருந்த நேரம். ஸ்டேஷனில் அடிவாங்கியவன் மகள் என்று ஆகிவிடக் கூடாதே. வைத்தியர் இரண்டு கையையும் தடவிப் பார்த்தார். முன்னங்கை நடுவில் தப்பை வைத்துக் கட்டினார்.

மறைத்தும் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மோட்டார் கேசு வீடு என்று எவனோ சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் சங்கையா, “இனி எதுக்குக்கா மறைக்கணும்?” என்று என்னைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினான்.

வக்கீல் சுபத்ரா எல்லாம் கேட்டுவிட்டு என்னைத்தான் கடிந்துகொண்டாள். “ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு இருந்தாப் போதுமேம்மா. இப்ப எக்ஸ்ரே எடுத்தா ஒடிஞ்சு கூடினது தெரியும். எப்படி ஒடிஞ்சதுன்னு எக்ஸ்ரே சொல்லுமா?”



மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதினாள். அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டும் என்றாள். சங்கையா ஒத்துக்கொள்ளவில்லை.

“அரசாங்கம் என்னைய அடிக்கல தாயி. ராமசுப்பு அடிச்சாரு. அவரு பேரு வரணும்.”

“அரசாங்கம் குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டுத்தானண்ணே அடிச்சாரு? ரெண்டு பேருமே பதில் சொல்லட்டும்.”

மனு அனுப்பிய அந்த வாரமே உரக்கடை சீனிச்சாமி வீட்டுக்கு வந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஸ்டேஷனுக்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தம்.

“மாப்ளே, அதிகாரி பேர எடுத்துரு. அரசாங்கம் குடுக்கிறத வாங்கிக்க. அவரும் பிள்ளகுட்டிக்காரரு.”

“ரெண்டு மாசம் என் பொண்டாட்டி எனக்குச் சோறு ஊட்டினா மாமா. நீரு ஒரு வேள வந்து ஊட்டினீரா?”

“உன் நல்லதுக்குத்தானய்யா சொல்றேன்.”

“அந்த நல்லத அன்னைக்கு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லியிருக்கலாம்ல?”

ஆணையத்தின் விசாரணை மதுரையில். கையெழுத்துப் போடுகிறவனிடம் எதற்குப் பெருவிரல் ரேகை வாங்கினீர்கள் என்று சுபத்ரா கேட்டதற்கு, அவனாகத்தான் வைத்தான் என்றார்கள் போலீஸ்காரர்கள். பிறகு நல்லமுத்துவைக் கூப்பிட்டது போலீஸ் பக்கத்து வக்கீல்.

“கை எப்படி ஒடிஞ்சதுன்னு இவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“மூட்டத்து மேலருந்து விழுந்தேன்னாப்ல.”

“அவ்வளவுதான் ஐயா” என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சொன்ன பொய்யை இப்போது அவர்கள் சாட்சியாக்கிவிட்டார்கள். தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வைத்தியர் சாட்சி சொன்ன இடத்தை விட்டு நகராமல் நின்றார். “அய்யா, நான் கட்டினது விழுந்த கைக்குக் கட்டுற கட்டு இல்லீக.”

விசாரித்த ஆணைய அதிகாரி நிமிர்ந்தார். “என்ன சொல்றீங்க?”

“விழுறவன் உள்ளங்கைய ஊனுவான். மணிக்கட்டுப் பக்கம்தான் ஒடியும். இவனுக்கு ரெண்டு கையிலயும் நடுவுல, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. தலையில அடி விழாம இப்பிடி மறைச்சவனுக்குத்தான் அங்க ஒடியும்.” இரண்டு கையையும் முகத்துக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“நீர் டாக்டரா?” என்று வக்கீல் எழுந்தார்.

“இல்லீக. முப்பது வருசமாக் கட்டுறேன். புருசன்ட்ட அடிவாங்கின பொம்பளையும் விழுந்தேன்னுதான் சொல்லுவாக. வாய நம்பிக் கட்டினா கை கூடாது.”

எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தார்கள். அவர் சொன்ன இடத்திலேயே, இரண்டு கையிலும், ஒடிந்து கூடின தடம் ஒரே அளவில் இருந்தது.

எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. சுபத்ரா இரண்டு தரம் படித்துச் சொன்னாள். சித்திரவதை நடந்தது உண்மை. அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்துவிட்டு அதை ராமசுப்புவின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். அவர்மேல் கிரிமினல் கேசும் போட வேண்டும். சங்கையா அவர் பேர் வந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான்.

ராமசுப்பு கோர்ட்டில் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கிவிட்டார்; நஷ்டஈடும் நின்றுபோனது. பதவி உயர்வில் வேறு ஊருக்கும் போய்விட்டார். சங்கையாவுக்கு எலும்பு கூடியதே தவிர உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பாது. மண்வெட்டி பிடிக்க முடியாது. மூட்டம் போட முடியாது. கரி வியாபாரி ஒருவர் கடையில் உட்கார்ந்து வருகிற லோடை எண்ணுகிறான்.

போன மாதம் சீனிச்சாமி மறுபடி வந்தார், ஒரு தாளோடு. அதிகாரிமேல் மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்று சங்கையா எழுதிக் கொடுத்தால் பணம் உடனே வந்துவிடுமாம்.

“வாங்கிக்கிருவமே” என்றாள் அவன் பெண்டாட்டி நாகஜோதி. “பேர வச்சு என்ன செய்யப் போறோம்?”

சங்கையா என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஒருமுறை யோசனை சொன்னவள் நான். இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை.

அவன் தாளைத் திருப்பி நீட்டினான். “அடிச்சேன்னு அவரு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடட்டும் மாமா. பெறகு நான் இதுல போடுறேன்.”

சீனிச்சாமி வாங்கி மடித்து வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தாளும் வரவில்லை, பணமும் வரவில்லை.

நாகஜோதி நான்கு நாள் அவனோடு பேசவில்லை. காலையில் எப்போதும்போல அவன் சட்டைப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள்.