சிரட்டைத் தண்ணீர் குடித்த கோழிகள்

சங்கரன்கோவிலில் எங்கள் பெரியப்பா கடையில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறிக்கு ஆட்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள் என்றால், அதற்கு முதல் காரணம் நான்தான். வீட்டில் யாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவும் நாங்களும் ஒரே வீடு. கடைக்கு வேண்டிய கோழியில் கொஞ்சத்தை வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நாமே வளர்க்கலாம் என்று பேச்சு வந்தது. வளர்க்கப் போவது அம்மா. என்ன கோழி என்பதைப் பெரியப்பா முடிவு செய்துவிட்டார். பிராய்லர்தான், ஐந்தாறு வாரத்தில் கறிக்கு ஆகிவிடும்.

அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. திருவேங்கடத்துக் கரிசல் காட்டில் ஓடித் திரிகிற கோழிகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். நாட்டுக்கோழிக் கலப்பில் பிறந்த கிராஸ் குஞ்சு வாங்கினால் மூன்று மாதம் பிடித்தாலும் நோய்நொடி அண்டாது, கறியும் நன்றாயிருக்கும் என்று சொன்னாள். சொன்னாள் என்றால், பெரியப்பாவிடம் அல்ல. எங்கள் வீட்டில் தம்பி மனைவி புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. அம்மா புறவாசல் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நான் நாலு எட்டு நடந்து போய் பெரியப்பாவிடம் ஒப்பிப்பேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனாலும் நான் வந்து சொல்லும்வரை காத்திருப்பார். அந்தத் தூது உத்தியோகத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"மூணு மாசம் ஆவுறதுக்குள்ள கடைக்கு வாறவன் மீனு வாங்கித் தின்னுட்டுப் போயிருவான்னு ஒங்கம்மாட்ட சொல்லுட்டி" என்றார் பெரியப்பா.

ஒரு சாயங்காலம் முழுக்க நான் நடையாய் நடந்து கடைசியில் ஒரு முடிவு கண்டோம். இதில் இருபத்தைந்து, அதில் இருபத்தைந்து. நடுவில் வலை. ஐந்து வாரம் கழித்து எது ஆரோக்கியமாக நிற்கிறதோ, இனி அந்தக் குஞ்சுதான். அம்மா இரண்டு பக்கமும் தீனியை ஒரு கோடியில் வைத்தாள், தண்ணீரை மறு கோடியில் வைத்தாள். நடக்க முடியாத கோழியைத் தின்றால் நமக்கு என்ன சத்து வரும் என்பது அவள் கட்சி. தண்ணீர் டப்பாவை யாரும் நகர்த்தக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

நான் நகர்த்தவில்லை. சத்தியமாக நகர்த்தவில்லை.

நாலாவது வாரம் பிராய்லர்கள் பொதபொதவென்று ஆகி, காலை அகட்டி, தீனித் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டன. கோடை வெயில் வேறு. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தண்ணீருக்கு மட்டும் எழுந்து போகாது. வலைக்கு அந்தப் பக்கம் கிராஸ் கோழிகளோ ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு அட்டகாசம் செய்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. லீவு நாள்தானே, அம்மா அந்தப் பக்கம் போனதும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு ஒவ்வொன்றின் வாயருகேயும் பிடிப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை.

ஐந்தாம் வாரம் பெரியப்பா பார்க்க வந்தார். பிராய்லர் ஒன்றுகூடச் சாகவில்லை. கொழுகொழுவென்று இருபத்தைந்தும் இருந்தன. கிராஸ் கோழிகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒல்லியாக ஓடின. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியளாடே? இனிமே இதான்!" என்று என் அப்பாவின் முதுகில் தட்டினார். கதவுக்குப் பின்னால் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

எனக்கோ ஆத்திரம். நான் பாடுபட்டு வளர்த்த கோழிக்கு இவர் பேர் வாங்குகிறாரே!

"நாந்தான பெரியப்பா சிரட்டைல தண்ணி குடுத்தேன்! ஒண்ணுகூட எந்திரிச்சுப் போவாது. நான் இல்லைன்னா எல்லாம் செத்திருக்கும்!"

பெரியப்பா ஒரு பிராய்லரைத் தூக்கி ஷெட்டின் நடுவில் விட்டார். அது இரண்டு எட்டு வைத்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றை விட்டார். அதுவும் உட்கார்ந்தது. அதற்குள் ஒரு கிராஸ் சேவல் வலையைத் தாண்டிக் குதித்து வந்து, மறு கோடியில் இருந்த பிராய்லர் டப்பாவில் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று.

பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கூப்பிடாமல், கதவைப் பார்த்தே கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கிராஸ் குஞ்சு எத்தன எடுக்கலாம்? நீயே சொல்லு."

இது என் வேலையல்லவா? "நூறு!" என்று நான் முந்திக்கொண்டேன்.

அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பெரியப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நூறு வேண்டாம் அத்தான். மொதல்ல அம்பது எடுப்போம். குஞ்ச நானே வந்து காலப் பாத்துப் பொறுக்குதேன்."

பெரியப்பா சரி என்று தலையாட்டினார். இன்றுவரை கடைக்குக் குஞ்சு பொறுக்குவது அம்மாதான்.

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரறிய என் பேச்சை வெட்டிவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் இருவரும் தீனியைப் பற்றி நேருக்கு நேர் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்து, இனி என்னைத் தூதுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று தேம்பித் தேம்பி அழுதேன்.